காலி கேபின் மேலேதான் போகும்

மார்ச் 3, செவ்வாய்

தேதி வந்துவிட்டது. ஏப்ரல் 21, காலை பத்து மணி, வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வு ஏற்கெனவே பாஸ். லிஃப்ட் பராமரிப்பு மேற்பார்வையாளர் சான்றுக்கு இது ஒன்றுதான் பாக்கி. போன முறை இதில்தான் விழுந்தேன். இந்த முறையும் விழுந்தால் இரண்டு வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

மேனேஜர் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். "புது ஆஸ்பத்திரி வேலை நமக்கு வந்தாச்சு. ஆறு லிஃப்ட். பொறுப்புல இருக்கறவருக்குச் சான்று கட்டாயம். ஏப்ரல்ல நீ வாங்கினா நீ. இல்லைன்னா வெளிய இருந்து ஒருத்தர எடுப்போம், நீ அவருக்குக் கீழ." சுற்றி வளைக்காத ஆள். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

போன முறை தேர்வாளர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், கடைசியில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நிறைய படிச்சிருக்கீங்க தம்பி. கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்." மனப்பாடம் செய்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என்னையே அந்த வரிசையில் நிறுத்திவிட்டார்.

இந்த முறை ஏஐயோடு படிக்கப் போகிறேன். போனில் இருக்கிறது, காசு கேட்பதில்லை, முகம் சுளிப்பதில்லை. வேலைக்குக் கிளம்புமுன் காலையில் ஒரு மணி நேரம். முதல் நாள் கேட்டது: "லிஃப்ட் பாதுகாப்பு அமைப்புகள் பற்றி விளக்கு." கேட்டு முடிப்பதற்குள் மூன்று பக்கம் கொட்டியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

"இன்னும் விரிவாக" என்றேன். ஐந்து பக்கம்.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவுடன் சண்டை. சண்டை என்றால் அவள் சிரித்தாள், நான் கத்தினேன்.

நானும் அக்காவும் சேர்ந்துதான் வீடு எடுத்திருக்கிறோம். அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதன் ஒரு பாதியில் அவளுடைய தையல் மெஷின், மறுபாதியில் நான். காலையில் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள், "என்னடா படிச்ச?"

"கவர்னர்."

"அது என்ன பண்ணும்?"

"வேகம் மீறினா தடுக்கும்."

"எப்படி?"

போனை எடுத்தேன். பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதைப் பாக்காம சொல்லு."

வாயைத் திறந்தேன். வரவில்லை. கவர்னரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றுவேன். அதன் கயிறு எங்கே தேயும், எந்தப் பல்லில் துரு பிடிக்கும், எல்லாம் தெரியும். எப்படித் தடுக்கும் என்று ஒரு ஆளுக்குச் சொல்ல வரவில்லை.

"புரிஞ்சுதுன்னு சொன்ன?"

"படிக்கறப்போ புரிஞ்சுது."

"எனக்குந்தான் சமையல் வீடியோ பாக்கறப்போ எல்லாம் சமைக்கத் தெரியும்" என்றாள்.

அதற்குத்தான் கத்தினேன். ஏன் கத்தினேன்? சரியாகச் சொன்னதற்காகத்தான்.

மார்ச் 12, வியாழன்

காலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ச்மேனின் போன். "சார், லிஃப்ட் வேலை செய்யலை." வருகிறேன் என்று வைத்துவிட்டேன். ஸ்பானரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்பானர் என் ஜோடி. ஐந்து வருஷமாக எந்த வேலைக்கும் ஸ்பானரை மட்டும் மறந்துவிட்டு வருவதால் அந்தப் பெயர்.

மோட்டார் ரூமில் ஆரம்பித்தோம். கன்ட்ரோல் பெட்டி, பிரேக், வயரிங், எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம். பாதிக் காலை போய்விட்டது. கடைசியில் பார்த்தால் நான்காவது மாடிக் கதவு. கீழ்ப் பள்ளத்தில் ஒரு சின்னக் கல். கதவு முழுக்க மூடவில்லை, அதனால் லிஃப்ட் நகரவில்லை. கல்லை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வாட்ச்மேனிடம் சத்தம் போட்டேன். "நாலாவது மாடிக் கதவு மூடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? லிஃப்ட் வேலை செய்யலைன்னா நான் எதைன்னு பாக்கறது?"

அவர் பாட்டுக்கு, "சொல்லத்தான் வந்தேன் சார். நீங்க வச்சிட்டீங்க."

ஸ்பானர் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன், ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று. "எங்ககிட்டயும் வருவாங்கடா. 'வாய் வலிக்குது'ம்பாங்க. அதுக்காக டாக்டர் எல்லாப் பல்லையும் புடுங்கிடுவாரா?"

அப்புறம் படிக்க உட்கார்ந்து, ஏஐயிடம் இதுவரை என்ன கேட்டேன் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். "விளக்கு." "இன்னும் விரிவாக." "சுருக்கமாக." "புரியலை." "வேற மாதிரி சொல்." பத்து நாளாக இதேதான்.

லிஃப்ட் வேலை செய்யலை. லிஃப்ட் வேலை செய்யலை. லிஃப்ட் வேலை செய்யலை.

அந்த வாட்ச்மேனாவது சொல்ல வந்தார்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் ஏஐயிடம் எதுவும் கேட்குமுன் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எந்த மாடி, எந்தக் கதவு, என்ன சத்தம் என்று வாட்ச்மேனிடம் எதிர்பார்க்கிற அளவுக்காவது நான் சொல்ல வேண்டாமா? எழுதுவது சுலபமாக இல்லை. எங்கே மாட்டியிருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்கே பாதி நேரம் போயிற்று. கடைசியில் அனுப்பியது:

"நான் ஐந்து வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். கவர்னரைக் கழற்றிப் பூட்டத் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று வாயால் சொல்ல வரவில்லை. ஏப்ரல் 21 வாய்மொழித் தேர்வு. எனக்கு விளக்காதே. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேள். நான் பதில் சொல்லும்வரை காத்திரு. தப்பாகச் சொன்னால் சரியான பதிலைத் தராதே. என் பதிலில் எந்த இடத்தில் அறுந்தது என்று மட்டும் சொல். பாராட்ட வேண்டாம்."

முதல் கேள்வியே: "கவர்னருக்கு வேகம் மீறியது எப்படித் தெரிகிறது? அதற்குக் கண் இல்லையே."

எதிரே உட்கார்ந்து வம்புக்கு இழுப்பது போல இருந்தது. மூன்று முறை பதில் சொன்னேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் அறுந்தது. நான்காவது முறை சுழலும்போது எடை வெளியே வீசப்படும் என்கிற வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது. எந்தப் பக்கத்திலிருந்தும் எடுத்ததல்ல.

வேலைக்கு லேட்.

மார்ச் 17, செவ்வாய்

ஏஐயின் கேள்விகளில் இன்றும் அடி. ஆனால் இது வேறு அடி. எங்கே விழுந்தது என்று தெரிகிற அடி.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று மதியம் மோட்டார் ரூமில் சாப்பிடும்போது ஸ்பானர் என் போனை எட்டிப் பார்த்தான். முழுவதும் படித்தான்.

"டேய், இதுகிட்ட எவ்வளவு விவரமா பேசற. 'எனக்கு இது தெரியும், இது தெரியலை, பொறுமையா கேளு.' எங்ககிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?"

"உன்கிட்ட என்ன பேசறது?"

"'அதை எடு.' 'இதைப் புடி.' 'தள்ளு.' அஞ்சு வருஷமா உன் வாயிலிருந்து நான் கேட்டது மூணு வார்த்தை."

"நீ ஸ்பானர் கொண்டுவந்தா நாலாவது வார்த்தை வரும்."

சிரித்தான். ஆனால் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது.

இன்று படித்தது பிரேக். ஏஐ ஒரு இடைவெளி அளவைச் சொன்னது, அடித்துச் சொன்னது. சந்தேகத்தில் மெஷினோடு வந்த கைப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் வேறு அளவு. கேட்டேன். "நீங்கள் சொல்வது சரி, அது மெஷினுக்கு மெஷின் மாறும்" என்று மன்னிப்பு. இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன? எந்த மெஷின் என்று நான் சொல்லவில்லை, அதுவும் உண்மை. இனி அளவு என்றால் கைப்புத்தகம். காரணம் என்றால் ஏஐ.

மார்ச் 28, சனி

இப்போது கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. தேர்வில் நிச்சயம் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "பிரேக் செயலிழந்தால் என்ன ஆகும்?" போன முறையும் கேட்டார்கள், இழுத்தேன். இதற்கு மட்டும் அழகாக ஒரு பதில் கையில் இருக்கட்டும் என்று, ஏஐயைக் கேள்வி கேட்க விடாமல், நேராக எழுதித் தரச் சொன்னேன்.

"பிரேக் போனால் கேபின் கீழே ஓடும், வேகம் மீறியதும் கவர்னர் இழுக்கும், சேஃப்டி கியர் ரெயிலைக் கவ்வி நிறுத்தும். இதைத் தேர்வாளரிடம் சொல்கிற மாதிரி எழுது."

எழுதியது. கடைசியில் வழக்கம்போல ஒரு 'குறிப்பு', அதில் ஒரு 'ஆனால்'. பேசும்போது இதெல்லாம் இழுவை. "குறிப்பு, எச்சரிக்கை, ஆனால், எதுவும் வேண்டாம். பதில் மட்டும்" என்றேன். வெட்டிக் கொடுத்தது. கச்சிதம். குளிக்கும்போது மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். கடகடவென்று வருகிறது.

அக்கா கதவுக்கு வெளியே இருந்து, "யாருடா உள்ள, செய்தி வாசிக்கறவரா?"

ஏப்ரல் 4, சனி

நன்றாகப் போகிறது. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் மின்சாரம் பழுதாகி லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு அம்மா, கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர். இந்த முறை போனிலேயே கேட்டுவிட்டேன், எந்த மாடி, எத்தனை பேர், பேசுகிறாரா. ஸ்பானர் மேலே மோட்டார் ரூமுக்கு ஓடினான். நான் நான்காவது மாடிக் கதவுக்கு வெளியே நின்று அந்த அம்மாவிடம் பேசினேன். எப்போதும் செய்கிற வேலைதான். மெயினை அணைத்துவிட்டு, பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, பக்கத்து மாடிக்கு நகர்த்தி, கதவைத் திறக்க வேண்டும்.

"அம்மா, இப்போ லேசா நகரும். கதவுப் பக்கம் வராதீங்க, பின்சுவத்தை ஒட்டி நில்லுங்க."

"எப்படித் தம்பி நகரும்? கரன்ட்தான் இல்லையே."

"பிரேக்கை விடறோம்மா."

உள்ளேயிருந்து வேறு குரலில், "பிரேக்கை விட்டா கீழ விழுந்துடாதா?"

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. "விழாதும்மா. நீங்க ஒருத்தர்தானே உள்ள இருக்கீங்க. கயித்தோட அந்தப் பக்கம் தொங்கற எடை உங்க கேபினைவிட கனம். அது கீழ இறங்கும், நீங்க மேல வருவீங்க. காலியா இருக்கற கேபின் எப்பவும் மேலதான் போகும்."

"நிஜமாவா?"

"நிஜமாம்மா. பாருங்க."

ஸ்பானருக்குப் போனில் 'விடு' என்றேன். கேபின் மெதுவாக மேலே வந்தது. கதவைத் திறந்தோம். அந்த அம்மா வெளியே வந்து என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்ன மாதிரியே மேல வந்துச்சு" என்றார். ஏதோ நான் தூக்கிக்கொண்டு வந்தது மாதிரி.

மோட்டார் ரூமுக்குப் படியேறும்போது பாதியில் நின்றுவிட்டேன்.

மேல.

நான் குளியலறையில் பத்து நாளா கத்தறது என்ன? கீழ ஓடும். கீழ ஓடி, கவர்னர் இழுத்து, சேஃப்டி கியர் கவ்வும். ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கற கேபின் எங்கடா கீழ ஓடும்? அது மேல ஓடும். நம்ம சேஃப்டி கியர் கீழ போறப்போதான் கவ்வும். மேல ஓடினா அது சும்மா பாத்துட்டு நிக்கும். அதுக்குத் தனித் தடுப்பு வேணும். இது எனக்குத் தெரியாதா? வாரத்துக்கு ரெண்டு தடவை இந்தக் கையாலதானே செய்யறேன்.

ஸ்பானர் மேலே இருந்து, "என்னடா நடுப்படியில செலையாட்டம் நிக்கற?"

"ஒண்ணுமில்லை. ஸ்பானர் கொண்டுவந்தியா?"

"இல்லை."

அவனாவது மாறாமல் இருக்கிறான்.

ஏப்ரல் 8, புதன்

காலையில் 28ஆம் தேதிப் பேச்சைத் தேடி எடுத்தேன். ஏஐ முதலில் எழுதிய பதிலின் அடியில் அந்தக் குறிப்பு இருக்கிறது: "ஆனால் கேபின் காலியாகவோ குறைந்த ஆட்களுடனோ இருந்தால் அது மேல்நோக்கி ஓடும். அப்போது கீழ்நோக்கிய சேஃப்டி கியர் உதவாது. தேர்வாளர் இதைக் கேட்கக்கூடும்."

கேட்கக்கூடும் என்று சொல்லியே இருக்கிறது. அடுத்த வரியில் நான்: "குறிப்பு, எச்சரிக்கை, ஆனால், எதுவும் வேண்டாம்."

மேல் ஓட்டத்தை நானே வெட்டி எறிந்திருக்கிறேன்.

அதன்மேல் பழி போட இடமே இல்லை. கேபின் கீழே ஓடும் என்று நானே முடிவு செய்துகொண்டுதான் போனேன். என் முடிவுக்கு மெருகு போடச் சொன்னேன். போட்டது. நான் கேட்டது கேள்வியே இல்லை. சாட்சிக்கு ஆள் பிடித்திருக்கிறேன்.

அந்த அம்மா கேட்டதுதான் கேள்வி. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை, தெரிந்தே ஆகவேண்டும். 'கீழ விழுந்துடாதா' என்று கேட்டபோது அவருக்குச் சான்று வேண்டாம், மார்க் வேண்டாம். அப்படிக் கேட்டதும் என் வாய்க்குச் சரியான பதில் எங்கிருந்தோ வந்துவிட்டது. எங்கிருந்தோ என்ன? கையிலிருந்துதான்.

அக்காவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, கிண்டல் செய்யாமல், "நல்லவேளைடா, இருபத்தொண்ணாம் தேதிக்கு முன்னாடி அந்தம்மா மாட்டினாங்க" என்றாள். அப்புறம் பொறுக்க முடியாமல், "பாவம், அவங்க ஏதோ உனக்காக லிஃப்ட்ல ஏறின மாதிரி பேசறேன் பாரு" என்று தானே சிரித்தாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

புதிய ஏற்பாடு. ஏஐக்கு எழுதியது:

"நீ நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள். லிஃப்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, பயந்திருக்கிறாய். நான் வெளியே நிற்கும் மெக்கானிக். நான் சொல்வது புரியாவிட்டால் விடாதே. தொழில் வார்த்தை சொன்னால் அப்படியென்றால் என்ன என்று கேள். நான் நிச்சயமாகச் சொல்கிற இடத்தில்தான் அதிகமாகச் சந்தேகப்படு. நான் தப்பாக இருக்கலாம். ஆமாம் போடாதே."

பயந்த ஆளைவிடப் பெரிய தேர்வாளர் இல்லை. "கயிறு அறுந்தால்?" "ஒரே கயிறா?" "அது பிடிக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" இரண்டு இடத்தில் எனக்கே தெரியவில்லை. "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று அடித்தேன். அடிக்கும்போது விரல் கூசியது. கைப்புத்தகத்தில் பார்த்துத் திரும்பி வந்து சொன்னேன்.

பிறகு போனை வைத்துவிட்டு அக்காவை எதிரே உட்காரவைத்தேன். அவளும் மாட்டிக்கொண்டவளாக நடிக்கவேண்டும். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில், "தம்பி, நான் உள்ள மாட்டி ரொம்ப நேரமாச்சு, ஒரு டீ கிடைக்குமா?" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். கேள்வி நல்ல கேள்வி.

ஏப்ரல் 20, திங்கள்

நாளை. இன்று எதுவும் படிக்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

அதே அறை. நீள மேசை, ஒரு கால் ஆடும் நாற்காலி, ஜன்னலில் தூசி. அதே கயிற்றுக் கண்ணாடிக்காரர். பக்கத்தில் எழுதிக்கொள்ள இன்னொருவர். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. நல்லது.

நாலைந்து சின்னக் கேள்விகளுக்குப் பிறகு வந்தது. "ஓடிட்டிருக்கற லிஃப்ட்ல பிரேக் போயிடுச்சு, மோட்டாரும் நின்னுடுச்சு. என்ன ஆகும்?"

மனப்பாடம் செய்த பதில் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினேன்.

"உள்ள எத்தனை பேர் சார்?"

கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குக் கேக்கறீங்க?"

"அது தெரிஞ்சாத்தான் எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ல முடியும்."

"சரி. ஒருத்தர்."

"அப்போ மேல."

"மேலயே போகட்டும். சேஃப்டி கியர்தான் இருக்கே, அது பிடிச்சிடும்ல?"

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஏஐயிடம் கேட்டது மாதிரியேதான். "இல்லை சார். நாம சாதாரணமா போடறது கீழ வர்றப்போதான் கவ்வும். மேல ஓடறதுக்குத் தனித் தடுப்பு இருக்கணும். பழைய லிஃப்ட்ல அது இருக்கான்னு முதல்ல பாக்கணும்." அந்த அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே மீதியையும் சொன்னேன். எதிர்ப்பக்க எடை ஏன் கனமாக வைக்கிறார்கள், பாதிக் கூட்டம் ஏறினால் என்ன, முழுக் கூட்டம் ஏறினால் என்ன என்று. அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். இழுக்கவில்லை.

ஒரு கேள்விக்கு, "தெரியாது சார். கைப்புத்தகம் பாத்துதான் சொல்ல முடியும்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

கிளம்பும்போது கயிற்றுக் கண்ணாடிக்காரர் நாற்காலி ஆடுவதை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, அதன் காலடியில் ஒரு தாளை மடித்து வைத்தார்.

இது நல்லதா கெட்டதா? தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதற்கு இப்போதெல்லாம் கூச்சமில்லை.

மே 16, சனி

ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரம். ஆறு லிஃப்டில் நான்கு ஒழுங்கு. ஐந்தாவது மூன்றாம் மாடியில் முனகுகிறது. இன்று காலை அதன் சோதனைச் சீட்டில் 'மேற்பார்வையாளர்' என்ற இடத்தில் கையெழுத்து போட்டேன். பேனா எழுதவில்லை, ஸ்பானரிடம் கேட்டேன். அவன் பேனாவும் கொண்டுவரவில்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னான், "நானும் அந்தப் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன்டா. அடுத்த தடவை."

"எழுது."

"உன் போன்ல இருக்கற கேள்வியெல்லாம் எனக்கு அனுப்பு. அப்படியே போட்டுக்கறேன்."

"அது உனக்கு உதவாது."

"ஏன், பூட்டி வச்சிருக்கியா?"

"இல்லைடா. அது எனக்குத் தெரியாததை வச்சு எழுதினது. உனக்கு என்ன தெரியாதுன்னு நீதான் எழுதணும்."

"எனக்கு எல்லாம் தெரியுமே."

"அதையே எழுதி ஆரம்பி."

வாயை ஒரு மாதிரி கோணிக்கொண்டு போய்விட்டான். பழைய நானாக இருந்தால் 'விளங்கினாப்லதான்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பேன். நினைக்கத்தான் செய்தேன், சொல்லவில்லை.

சாயங்காலம் அவனிடமிருந்து மெசேஜ். "டேய், வாரா வாரம் நான்தான் பிரேக்கை விடறேன். காலி கேபின் மேல போகுது, அது தெரியும். அந்தப் பக்கத்து எடையை எதுக்குடா கனமா வச்சான்? ரெண்டும் சமமா வச்சா என்ன?"

பதிலை அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் அழித்துவிட்டு, "காலியா இருக்கறப்போ சமம்னு வச்சுக்கோ. எட்டுப் பேர் ஏறினா?" என்று மட்டும் அனுப்பினேன்.

இன்னும் பதில் வரவில்லை. மெசேஜைப் பார்த்துவிட்டான். அக்கா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். காத்திருக்கிறேன்.